நூறு கிராம்

மார்ச் 3, செவ்வாய்
60.4

காலை ஐந்தரை. சின்னவள் குளியலறையில் எடை மெஷின் மேல் நிற்கிறாள். நான் வாசலில் இந்த நோட்டோடு நிற்கிறேன். சண்டை முடியும்வரை உன் வீட்டில்தான் இருப்பேன் என்று பையோடு வந்த தங்கை, மெஷினையும் தூக்கிக்கொண்டு வந்தாள். என் எடையை எழுத எனக்கு ஒருநாளும் தைரியம் வந்ததில்லை. அவளுடையதைத் தினமும் எழுதுகிறேன்.

பதினான்காம் தேதி சண்டை. குத்து, உதை, மல்லுக்கட்டு எல்லாம் கலந்தது. கம்பிவலைக் கூண்டுக்குள் ஐந்து சுற்று. ஜெயித்தால் பெண்கள் சாம்பியன் பட்டம், பெல்ட். முந்தைய நாள் காலை எடை 56.7 இருக்க வேண்டும். சாதாரணச் சண்டை என்றால் அரைக் கிலோ அளவுக்கு விட்டுக்கொடுப்பார்கள். பட்டச் சண்டைக்கு ஒரு கிராம்கூடக் கிடையாது.

பதினோரு வருடம் இதற்காக ஓடியிருக்கிறாள். இரண்டு கல்யாணப் பேச்சு, ஒரு நிரந்தர வேலை, ஒரு முன்பல் எல்லாம் இதில்தான் போயின. வயது முப்பத்திரண்டு. மறுபடி இப்படி ஒரு வாய்ப்பு வருமா? அவளுக்குப் பயிற்சி தரும் மாஸ்டரிடம் கேட்டேன். "வராதும்மா" என்றார் பச்சையாக.

மார்ச் 6, வெள்ளி
59.5

நான் வேலை பார்க்கும் பார்சல் ஆபீசில் இன்று ஒருவரோடு மல்லுக்கட்டு. வீட்டில் எடை போட்டபோது பார்சல் நாலு கிலோதான் இருந்ததாம், நான் அஞ்சு என்கிறேனாம். வீட்டில் மெஷினை எங்கே வைத்து எடை போட்டீர்கள் என்றேன். கட்டில் மேலாம்! "கெட்டியான தரையில வைக்கணும் சார். மெத்துன்னு இருந்தா மெஷின் பொய் சொல்லும்." பதினாறு வருடமாக இதே வசனம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மார்ச் 9, திங்கள்
58.8

அவளுக்குப் பசி, எனக்கு அவளைக் கண்டு பயம். நேற்று நான் பிஸ்கட் கடித்த சத்தத்துக்கு ஒரு பார்வை பார்த்தாளே! இன்று குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தின்றேன். நாற்பத்திரண்டு வயதில் எனக்கு இது தேவையா?

அம்மா போனில் வழக்கமான கேள்வி: "மூக்கு நேரா இருக்கா அவளுக்கு?"

மார்ச் 12, வியாழன்
57.9 (காலை, வீட்டில்)

ஓட்டலுக்கு வந்துவிட்டோம். சண்டை நடக்கும் அரங்கம் எதிரிலேயே. மத்தியானத்திலிருந்து அவள் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெந்நீர்த் தொட்டியில் பத்து நிமிடம், வெளியே வந்து போர்வைக்குள் பத்து நிமிடம், மறுபடி தொட்டி. உள்ளே இருக்கிற தண்ணீரை வியர்வையாகப் பிழிந்து எடுக்கிறோம். அவளைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

மாஸ்டர் சொன்னார்: "காலையில ஆறு மணிக்குக் கீழ ஹாலுக்குக் கூட்டிட்டு வாங்க. போட்டி நடத்துறவங்க மெஷின்ல ஒரு தடவை ஏத்திப் பாத்துடலாம்." சரி என்றேன்.

மார்ச் 13, வெள்ளி, காலை 5.50
56.6!!!

வந்துவிட்டது! குளியலறை முழுக்கத் தண்ணீர் தேங்கியிருந்ததால் வீட்டிலிருந்து கொண்டுவந்த மெஷினைக் கட்டில் ஓரம் கார்ப்பெட்டில் வைத்து ஏற்றினேன். நூறு கிராம் குறைவாகவே இருக்கிறது. உதடு வெடித்திருக்கிறது, கண் உள்ளே போய்விட்டது. "போதுமாக்கா?" என்றாள். "போதும்டி, படு." இனி தொட்டி வேண்டாம். மாஸ்டருக்கு போன் போட்டு, அவள் தூங்கட்டும், கீழே வரவில்லை என்றேன். "நிச்சயமா?" என்றார். "தினம் எழுதுறவ நான்தானே மாஸ்டர்" என்றேன்.

அதே நாள், மத்தியானம்

57.0.

கீழே ஹாலில், போட்டி மெஷினில். எப்படி? எப்படி? நான்கு பக்கமும் துண்டைத் திரையாகப் பிடித்து, உள்ளாடையும் இல்லாமல் ஏற்றியும் 57.0. ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். தொட்டி, போர்வை, ஓட்டம். மாடிப்படியில் கால் மடிந்து விழுந்தாள். எழுந்து ஓடினாள். வியர்வையே வரவில்லை, பிழிய உள்ளே என்ன மிச்சம்? மறுபடி ஏற்றினார்கள். 56.8.

நூறு கிராம். ஒரு சோப்புக்கட்டி.

எதிராளி, அதாவது இப்போதைய சாம்பியன், சண்டைக்குச் சம்மதித்துவிட்டாள். சண்டை உண்டு. ஆனால் சின்னவள் ஜெயித்தாலும் பட்டம் அவளுக்கு இல்லை. மாஸ்டர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஆறு மணிக்கு அப்புறம் தண்ணி குடிச்சியா?" "இல்ல மாஸ்டர்." "ஒரு வாய் தண்ணிக்குப் பதினோரு வருஷத்தைத் தூக்கிக் குடுத்துட்டியேடி." அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதே நாள், மாலை 4

தண்ணீர் குடித்துவிட்டு அவள் தூங்குகிறாள். நான் சும்மா மெஷினில் ஏறி நின்றேன். கார்ப்பெட்டில் 71.3. என்னவோ உறுத்தியது. குளியலறைத் தரை இப்போது காய்ந்திருந்தது. அங்கே வைத்து ஏறினேன். 71.7.

மறுபடி கார்ப்பெட். மறுபடி தரை. ஆறு தடவை.

அடிப்பாவி. நான்தானா?

மார்ச் 14, சனி

சொல்லவில்லை. இன்று சண்டை, சொன்னால் அவள் மனசு கலைந்துவிடும். இது காரணமா, சாக்கா?

மார்ச் 15, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

உடை மாற்றும் அறையில் அவள் கைகளுக்கு மாஸ்டர் முகம் பார்க்காமலே துணி சுற்றினார். அவர் வெளியே போனதும் என்னைக் கேட்டாள்: "நீயாவது நம்புறியாக்கா, நான் குடிக்கலன்னு?" நம்புறேன்டி என்றேன். நம்ப என்ன இருக்கிறது, எனக்குத்தான் தெரியுமே! வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

கூண்டுக்கு வெளியே ஐஸ் பையும் தண்ணீரும் என் பொறுப்பு. முதல் சுற்றில் சாம்பியன் சின்னவளின் இடது தொடையை உதைத்தே சிவக்கவைத்தாள். இரண்டாவதில் சின்னவள் அவளை வலையோடு அழுத்தி இடுப்பைப் பிடித்துக் கீழே தள்ளினாள். அரங்கமே எழுந்தது. மூன்றாவதில் முழங்கை பட்டுப் புருவம் கிழிந்தது. இடைவேளை ஒரு நிமிடம்தான். காயத்தை அழுத்துகிறவர் அழுத்த, நான் பிடரியில் ஐஸ் வைத்தேன். அவள் ரத்தம் என் மணிக்கட்டில் இறங்கியது.

நான்காவதில் சாம்பியன் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிவிட்டாள். சின்னவள் முகம் கருத்தது. தரையில தட்டிடு, தோத்துப்போ, எனக்கு நீ உயிரோட வேணும்டி என்று மனசுக்குள் கத்தினேன். எதற்குத் தாங்குகிறாள்? கையில் வரப்போவது ஒன்றுமில்லையே! தட்டவில்லை. கழுத்தைச் சுற்றிய கையை மெல்லப் பிரித்து, தலையை உருவி, திரும்பிவிட்டாள்.

கடைசிச் சுற்றில் சாம்பியனைத் தரையில் போட்டு மேலேயே இருந்தாள். மூன்று நிமிடம். மாஸ்டர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார், நான் ஐஸ் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். உடம்பெல்லாம் நனைந்தது அப்புறம்தான் தெரிந்தது.

புள்ளி போடும் மூவரில் இரண்டு பேர் இவளுக்கு, ஒருவர் சாம்பியனுக்கு. நடுவர் சின்னவள் கையைத்தான் தூக்கினார். அறிவிப்பாளர் உடனே படித்தார்: எடை தவறியதால் பட்டம் மாறாது. கூட்டம் கூச்சலிட்டது. தோற்றவள் பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அழுதாள். ஜெயித்தவள் என்னிடம் தண்ணீர் கேட்டாள்.

குடித்து முடித்து, "இப்ப குடிக்கலாம்ல?" என்றாள்.

மார்ச் 17, செவ்வாய்

செய்தியில் 'ஒழுங்கில்லாதவள்' என்று போட்டிருக்கிறார்கள். இனி இதைவிடக் கூடுதல் எடைப் பிரிவில்தான் வாய்ப்பாம். அங்கே எல்லாரும் இவளைவிட ஒரு தலை உயரம். ஆபீசில் எடைமேடையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

சொல்லிவிட்டேன்.

புருவத்தில் தையலோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று கேட்டாள்: "அன்னைக்கு நீ படுன்னு சொன்னதும் தூங்கிட்டேன்ல. தூக்கத்துல எந்திரிச்சுக் குடிச்சிருப்பேனோ? பக்கத்துல பாட்டில் இருந்துச்சாக்கா? எனக்கே என்மேல நம்பிக்கை போச்சு."

அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கார்ப்பெட், குளியலறைத் தரை, ஆறு தடவை ஏறி இறங்கியது எல்லாம் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"அன்னைக்கே. சாயங்காலம்."

"மெஷின் தப்புன்னா விட்டுடுவேன்க்கா. நான் உன்கிட்ட கேட்டேன். நம்புறியான்னு கேட்டேன்."

எழுந்து போய்ப் பையைக் கட்டினாள்.

மார்ச் 20, வெள்ளி

போய்விட்டாள். மெஷினை எடுத்துப் போகவில்லை.

மார்ச் 23, திங்கள்

பயிற்சிக்கூடத்துக்குப் போய், அங்கே இருந்த பதினைந்து பேர் முன்னால் மாஸ்டரிடம் சொன்னேன். அவளை எல்லார் முன்னாலும்தானே கேட்டார், இதையும் எல்லாரும் கேட்கட்டும். அவர், "நீங்க பார்சல் ஆபீஸ்லதானே வேலை பாக்குறீங்க?" என்றார். ஆமாம் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. போட்டி நடத்தியவர்களுக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

அவள் போன் எடுக்கவில்லை.

ஏப்ரல் 1, புதன்

எடுக்கவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

பதினோரு மணி, வரிசையில் ஏழெட்டுப் பேர். தலையைத் தூக்காமலே "அடுத்தவங்க, பொருளை வைங்க" என்றேன். எடைமேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கால்கள் ஏறின. இடது பெருவிரல் நகம் கருத்திருந்தது. அந்தக் கால்களை எனக்குத் தெரியாதா?

பின்னால் இருந்தவர் சிரித்தார். மேலாளர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"மாஸ்டர் வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டாரு" என்றாள், என்னைப் பார்க்காமல். "சாம்பியனே திரும்பச் சண்டை கேக்குறாளாம். ஜெயிக்காம வச்சிருக்குற பெல்ட்டு அவளுக்கு உறுத்துதாம். செப்டம்பர்ல. அதே எடை." பக்கத்தில் இருந்த ரசீதுப் புத்தகத்தைக் காட்டி, "எழுதுக்கா" என்றாள்.

"கோவம் போச்சாடி?"

"இல்ல. நீ எழுது."

ரசீதின் பின்பக்கம் எழுதினேன். இப்போது இதில் சேர்க்கிறேன்.

62.3. சிமெண்ட் தரை.