பக்கத்து வீட்டு டிவி

ஆஷ்லின் அப்பாவுக்கு, மரியே வாழ்க.

செவ்வாய்க்கிழமை வீட்டில் இருந்தவர்கள்: உங்கள் அம்மா, நான், ஆஷ்லின், உங்கள் தங்கை பவுலின். நாலு பேர். போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

நாட்டில் எத்தனை பேருக்கு மனநோய் என்று கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். குலுக்கலில் நம் வீடு வந்ததாம். நாம் சொல்வது ஆயிரம் வீடு சொல்வதற்குச் சமமாம்.

"வீட்ல எத்தன பேருங்க?"

"மூணு பேர்தாம்மா. எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்," என்றார் உங்கள் அம்மா.

பின்னறையில் பவுலின் கண்ணுக்குத் தெரியாத யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

"அது யாருங்க?"

"பக்கத்து வூட்டு டிவிம்மா."

அவள் மூன்று என்று எழுதிக்கொண்டு போனாள். தினமும் ஜெபமாலை முடிந்ததும் மாதாவிடம் பவுலின் பேரைச் சொல்லி அழுகிறவர் உங்கள் அம்மாதானே? அந்தப் பெண்ணிடம் மட்டும் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

"மாதா வெளிய சொல்ல மாட்டா. நாளைக்கு உம் பொண்ணுக்கு மாப்ள பாக்க வேணாமா?" என்றார். பதினோரு வயசுப் பிள்ளைக்கு!

ஆயிரம் வீட்டிலும் இப்படி டிவி ஓடினால், இந்தப் பக்கம் டாக்டர் எதற்கு என்றுதானே கேட்பார்கள்?

அந்தப் பெண் வாசலுக்கு வந்ததும் பின்னறைக் கதவைச் சாத்தியது நான்தான். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன், உங்களிடமும் சொல்கிறேன்.

அந்தப் பெண் அடுத்த மாதம் சரிபார்க்க வருவாள். நாலு என்று சொல்லப்போகிறேன். அம்மாவிடம் நீங்கள் பேசுவீர்களா? சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி