நான் இல்லாத பதினொரு பேர்

பிப்ரவரி 9, திங்கள்
எங்கள் கால்பந்து கிளப்பின் மேனேஜர் பெட்டியைக் கட்டிவிட்டார். புதியவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் ஆட்டக்காரர்கள் சார்பில் நான் உட்கார வேண்டுமாம். முழங்கால் அறுவைக்குப் பிறகு கிளப்பிலிருந்து வந்த முதல் போன் இதுதான். "கேப்டன் இல்லாம எப்படிப்பா?" என்றார் தலைவர். இத்தனை நாள் நான் இல்லாமல்தானே ஓடியது?

பிப்ரவரி 11
மழை. யாரோடும் பேசவில்லை.

பிப்ரவரி 14, சனி
கடைசிச் சுற்றில் இருவர். ஆளுக்கொரு நாள் பயிற்சி நடத்திக் காட்ட வேண்டும். இன்று கோப்பைக்காரர். போன கிளப்பிலெல்லாம் கோப்பை வாங்கியவர். பலகை நிறைய அம்புக்குறிகள். இடது ஓரம் ஆடும் மௌனி (வாயைத் திறக்கவே மாட்டான், அதனால் அந்தப் பெயர்) இரண்டு முறை இடம் மாறி நின்றுவிட்டான். "காதுல என்ன பஞ்சா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். பையன் முகம் செத்துப்போனது.

கிளம்பும்போது என் தோளைத் தட்டினார். "உன் இடத்தை எவனும் தொட மாட்டான்." அந்த வார்த்தையை வீடு வரை மென்றுகொண்டே வந்தேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்
இன்று முன்னாள் கோல்கீப்பர். கடைசியாக இருந்த கிளப் இவரைப் பாதியில் அனுப்பிவிட்டது. மைதானத்தில் பாதி குளம். போட்டு வந்த திட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, காய்ந்த பக்கத்தில் சின்ன ஆட்டமாக மாற்றினார். மௌனியிடம் போய், "எங்க நின்னா உனக்கு ஆட வருது?" என்றார். அவன் வலப்பக்கம் கைகாட்டினான். "சரி, போய் ஆடு. பாப்போம்."

இரண்டு கோல். மௌனி சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். இத்தனை வருஷத்தில் எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லையே!

பிப்ரவரி 18
கோல்கீப்பர் என் அறைக்கே வந்துவிட்டார். துணிக்குவியலை நகர்த்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இருப்பது ஒரே டம்ளர். அவருக்கு டீ கொடுத்துவிட்டு நான் சும்மா இருந்தேன்.

"கால் எப்படி இருக்கு? சாப்பாட்டுக்கெல்லாம் என்ன பண்றீங்க?"

யாரும் கேட்காத கேள்வி. மூலையில் கிடந்த ஹோட்டல் பொட்டலங்களைக் காட்டினேன்.

"ஒண்ணு மறைக்கப் பிடிக்கல. நான் வந்தா ஆட்டத்தோட வேகம் கூடும். இந்தக் காலோட உங்களை முதல் பதினொண்ணுல வைக்க முடியாது."

"என் கையில ஓட்டு இருக்குன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"அப்புறமா வேற ஆள் வாயால கேட்டா இன்னும் வலிக்குமே."

பிப்ரவரி 19
அக்காவுக்குப் போன் செய்தேன். "பைத்தியமாடா உனக்கு? டீம்ல வெச்சுக்கறேன்னு சொல்ற ஆளை விட்டுட்டு..." நியாயம்தான். ஆட்டம் போய்விட்டால் நான் யார்? இந்த நாலு சுவரும் நானும்தானா? எழுந்து நடந்தேன் — கதவு வரை, திரும்பவும் கட்டில் வரை.

பிப்ரவரி 20, வெள்ளி
குழு சரிபாதியாகப் பிரிந்தது. பாக்கி என் ஓட்டு மட்டும்.

"கோல்கீப்பர்" என்றேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிக்காம இருந்தா மத்தவரைச் சொல்லியிருப்பேன் சார்."

மார்ச் 2
பயிற்சிக்குப் போனேன். ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வந்துவிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு
புது மேனேஜருக்கு முதல் ஆட்டம். சொன்னபடியே என்னைச் சேர்க்கவில்லை. சொன்னவர்தான், தெரிந்ததுதான், இருந்தாலும் போனில் வந்த பட்டியலை இரண்டு முறை படித்தேன். போகாமலே இருந்துவிடலாமா என்று செருப்பை மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன்.

முதல் பாதியில் ஒரு கோல் பின்தங்கல். இடைவேளையில் மூன்று பேரை இடம் மாற்றினார். கடைசியில் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம்.

அறைக்கு வந்ததும் அக்கா போன். "என்னடா குரல் கட்டியிருக்கு? அழுதியா?"

"இல்லக்கா. கத்தினேன்."

"ஆடினியா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குடா கத்தின?"

"நம்ம பசங்க ஆடினாங்கக்கா."