கியர் பொக்ஸின் மேல் போல்ட்

குருநகர்
செவ்வாய்க்கிழமை

அன்பின் அத்தானுக்கு,

மாதா உங்களைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே நானும் பிள்ளைகளும் சுகம். தொண்டை ஒப்பரேசனுக்குப் பிறகு போனில் கதைத்தால், நீங்கள் பதில் சொல்ல முடியாமல் மூச்சு விடுகிற சத்தம் மட்டும்தான் கேட்கிறது. அதைத் தாங்க முடியாமல் எழுதுகிறேன். கொழும்புக்கு வருகிற பாதரிடம் கொடுத்துவிடுகிறேன்.

இனி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று டொக்டர் சொன்ன அன்றே, வானை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கழுத்தில் குழாயோடு பிறத்தியார் வாகனத்தில் ஏறமாட்டேன் என்று நீங்கள் எழுதிக் காட்டியதை நான் மறக்கவில்லை. ஆனால் நம் வான் அசையவில்லை, அத்தான். கிளச் எரிந்துவிட்டது. அதை மாற்றக் கியர் பொக்ஸை இறக்க வேண்டும். மற்றப் போல்ட் எல்லாம் கழன்றுவிட்டன. மேலே, தகட்டோடு ஒட்டி இருக்கிற ஒன்று மட்டும் வரமாட்டேன் என்கிறது. இத்தனை வருடம் மீன்பெட்டிகளிலிருந்து வடிந்த உப்புத்தண்ணீர் அதைத் தின்றுவிட்டது.

மெக்கானிக் அடைக்கலநாதன் அண்ணையின் கை அந்த இடுக்கில் நுழையாது. என் கை நுழைகிறது. அதனால் இரண்டு நாளாக நான்தான் வானுக்குக் கீழே படுத்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் பிடிக்க வேண்டும். எண்ணெய் விட்டு ஊறவைத்தோம், சூடு காட்டினோம். ஸ்பானர் வழுக்கி மூன்று விரல் மூட்டும் உரிந்ததுதான் மிச்சம். “தங்கச்சி, போல்ட்டின்ரை தலை மழுங்குது, இனி இழுக்காதை. எஞ்சினோடை இறக்குவம், பத்து நாள் வேணும்” என்கிறார் அண்ணை. பத்து நாள் என்றதும் அவரோடு சத்தம் போட்டுவிட்டேன். பாவம், டொக்டர் சொன்ன நாள் கணக்கு அவருக்குத் தெரியாது.

கடைசியாக அந்தப் போல்ட்டை இறுக்கியது நீங்கள். எந்தப் பக்கத்தால் கை விட்டீர்கள்? ஒரு தாளில் கீறி உங்கள் அக்கா மகன் மயூரதனிடம் கொடுங்கள். பக்கத்தில்தானே நிற்கிறான், படம் எடுத்து அனுப்புவான்.

உங்கள்
நிரோஜினி

வெள்ளிக்கிழமை

அன்பின் அத்தானுக்கு,

நீங்கள் கீறியது நேற்று வந்தது. சாரதி சீற்றைக் கழற்றி, மேலிருந்து நீட்டுக் கம்பி விடச் சொல்லியிருந்தீர்கள். “எமில்ராஜ் படுக்கையிலை கிடந்தும் என்னைவிட நல்லாப் பாக்கிறான்” என்றார் அண்ணை. அப்படியே செய்தோம். நான் கீழிருந்து பிடிக்க, அவர் மேலிருந்து திருப்பினார். ஒரு முறை அசைந்தது போல இருந்தது. பிறகு போல்ட் தலையின் மீதி மூலைகளும் தேய்ந்து, ஸ்பானர் சும்மா சுற்றத் தொடங்கியது.

அண்ணை தேநீர் குடிக்கப் போனார். நான் கீழேயே கிடந்து உங்கள் தாளைத் திரும்பப் பார்த்தேன். ஒரு கோடும் நேராக இல்லை. அம்புக்குறி பாதியில் நின்றிருந்தது. அதைக் கீறி முடிக்க உங்களுக்கு ஒரு பகல் முழுவதும் போனதாக மயூரதன் சொன்னான். ஸ்பானரை வைத்துவிட்டு எழும்பிக் கையைக் கழுவினேன்.

வேறு வான் ஒழுங்கு பண்ணிவிட்டேன், அத்தான். நாளை விடியப் புறப்படுகிறேன். பின் கண்ணாடி எல்லாவற்றுக்கும் சீலை கட்டியாயிற்று. ஓட்டுவது அடைக்கலநாதன் அண்ணை. இப்போது அவருக்கும் எல்லாம் சொல்லிவிட்டேன். “நான் றோட்டைத்தான் பாப்பன், தங்கச்சி” என்றார்.

வேறு வானோடு நான் வந்து நிற்கும்போது நீங்கள் முகத்தைத் திருப்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான், இதைப் படம் எடுத்து மயூரதனுக்கு அனுப்புகிறேன். பதில் எழுதிக் கையை வருத்த வேண்டாம். நான் வந்து சேரும்வரை மாதா உங்கள் தலைமாட்டிலேயே இருக்கட்டும். நீங்களும் இருங்கள், அத்தான்.

உங்கள்
நிரோஜினி