முதுகு காட்டி உட்கார்ந்தவன்

உன் தாள்கட்டிலிருந்து கருவாட்டு வாடை இன்னும் போகவில்லை. காலையில் உன் மனைவி அதைத் துறைமுக வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். "நீங்களே கம்ப்யூட்டர்ல போட்டு முடிச்சிருங்கண்ணே" என்றாள். சொல்லிவிட்டு, லாரிகள் போகும் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். டூட்டிக்கு நேரமாகிறது என்று நான் உள்ளே ஓடிவிட்டேன்.

பதிப்பாளர் அவசரப்படுத்துகிறார். சங்கு குளிப்பவர்களைப் பற்றிய அந்தத் தமிழ் நாவலில் நீ ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகாமல் விட்டது கடைசி இரண்டு அத்தியாயம். அதை மொழிபெயர்க்கும் மெஷினில் போட்டு எடுத்து உன் பெயரிலேயே வெளியிடலாம் என்கிறார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போட்டுப் பார்த்தேன். நீ முடித்த அத்தியாயங்களையும் அதற்குப் படிக்கக் கொடுத்தேன். வந்தது அப்படியே உன் நடை. வாக்கியத்தை நீ சட்டென்று வெட்டும் விதம்கூட. லேப்டாப்பை மூடிவிட்டேன். டெர்மினலில் கிரேன்களுக்கு மென்பொருள் பார்க்கிறவன் நான். மெஷினைக் கண்டு மிரளுகிற ஆளா?

முதலில் உன்னைச் சீண்டியதே நான்தான். பீச் ரோட்டு டீக்கடையில், "ஏலே, நீ ஒரு மாசமா இந்த அத்தியாயத்தோட மாரடிக்க. டீ ஆறதுக்குள்ள இது முடிச்சிட்டு, பாரு" என்று போனை நீட்டினேன். நீ பொறுமையாக வாசித்தாய். "உள்ளபடியே நல்லா இருக்குலே. சில இடத்துல என்னவிட நல்லா இருக்கு" என்றாய். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தாய். நீரிலிருந்து ஏறி வந்தவன் படகில் எல்லோருக்கும் முதுகு காட்டி உட்கார்ந்தான். மூலத்தில் அவ்வளவுதான். மெஷின் 'மனம் நொந்து' என்று சேர்த்திருந்தது. உன் தாளில் அந்த இடத்தில் ஒரு பென்சில் வட்டம் மட்டும் இருந்தது.

"ஏன் திரும்பி உக்காந்தான்னு எனக்குத் தெரியாது. தெரியாம எழுத மாட்டேன்."

"வாசிக்கவனுக்கு என்னலே தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்லா."

மறுநாள் என்னையும் திரேஸ்புரத்துக்கு இழுத்துப்போனாய். கருவாடு காயவைத்திருந்த முற்றத்தில் தாள்களைப் பரப்பி, சங்கு குளித்து ஓய்ந்த ஒரு பெரியவரிடம் கேட்டாய். அவர் சிரித்துவிட்டார். "மூக்குல ரத்தம் வந்திருக்கும் தம்பி. படகுல கயிறு பிடிக்கவன் பாத்தாம்னா அடுத்த முங்கு விடமாட்டாம்லா. அதான் முதுகக் காட்டுதான்."

நீ வட்டத்தை அழித்தாய். மூலத்தில் இருந்தபடியே வெறுமனே எழுதினாய். காரணத்தைச் சேர்த்தால் என்ன என்றேன். "அவன் மறைச்சத நான் ஏம்லே காட்டிக்குடுக்கணும்?"

அதன்பின் ஒருநாள் அதே டீக்கடையில் நீ எனக்கு முதுகு காட்டி, கடலைப் பார்த்து உட்கார்ந்தாய். மெஷின் பேச்சில் இன்னும் கோபம் என்று நினைத்தேன். "போலே" என்று வண்டியை எடுத்துவிட்டேன். பத்து நாள்கூட ஆகவில்லை, நீ போய்விட்டாய் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வலியை எத்தனை மாதமாக எல்லோரிடமும் மறைத்திருக்கிறாய்! கயிறு என் கையில்தான் இருந்தது.

தெரியாத இடத்தில் மெஷின் 'மனம் நொந்து' என்று போட்டது. நான் 'கோபம்' என்று போட்டேன். மதியம் லேப்டாப்பை மூடியது இதற்குத்தான் என்று இப்போது புரிகிறது.

காலையில் உன் மனைவி திரும்பி நின்றதற்கும் நான் 'சம்மதம்' என்று போட்டு வைத்திருந்தேன். அவளுக்குப் போன் செய்தேன்.

"ஏம்மா, காலைல அப்படித் திரும்பி நின்ன?"

"அவரு எழுதாதத அவரு பேருல வாசிக்கப் பயமா இருக்குண்ணே. அவர மாதிரியே இருந்துட்டா நான் என்ன செய்வேன்?"

பதிப்பாளருக்கு முடியாது என்று எழுதிவிட்டேன். நீ நிறுத்திய இடத்தில் உன் பெயர் நிற்கட்டும். மெஷின் தந்ததை அழித்தேன். அழிக்குமுன் இன்னொரு தடவை வாசித்தேன். உன்னிடம் அதை மறைக்க முடியவில்லை. அதில் உன் குரல் கேட்டது.

கட்டுக்குள் கிடந்த உன் பென்சில் துண்டு என் சட்டைப்பையில் இருக்கிறது. யாராவது முதுகு காட்டி நின்றால் கை அதைத் தொடுகிறது. போய்க் கேட்க வேண்டும். கேட்கப் பயமாக இருக்கிறது.