ஜன்னலோரம் பதினோரு மணி நேரம்

ஏப்ரல் 6, ஞாயிறு
வெளிநாட்டில் இருக்கும் மருமகன் என் பேத்தி வாலுவுக்கு விமான டிக்கெட் அனுப்பிவிட்டார். விடுமுறைக்கு மட்டும்தானாம். மகள் கண்ணை மூடியதிலிருந்து பிள்ளையை வளர்ப்பது நான். நாலு வருஷம் கழித்து இப்போதுதான் இவருக்குத் தகப்பன் என்ற நினைப்பு. இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டவர் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். அதனால் ஒன்பது வயதுப் பிள்ளை தனியாகப் போகிறது. விமானத்தில் வேலை பார்க்கும் பெண் பார்த்துக்கொள்வாளாம்.

ஏப்ரல் 9, புதன்
எதிர்வீட்டு டீச்சர் போனில் பார்த்துச் சொன்னாள். ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நிற்காமல் பதினோரு மணி நேரம். அஞ்சாம் வகுப்பில் கணக்கில் நான்தான் முதல். ஆனாலும் ஒன்பதாயிரம் பிடிபடவில்லை. மணி நேரம்தான் புரிகிறது.
“அவ்ளோ நேரம் எப்படிப் பாட்டி ஒரே எடத்துல உக்கார்றது?”
“உக்காந்து பாத்துருவோம்” என்றேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு
ஜன்னலோரம் இரண்டு நாற்காலி. பெல்ட்டுக்கு என் பழைய புடவைக் கிழிசல். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். பாத்ரூமுக்கு மட்டும் எழலாம், சாப்பாடு மடியில். எட்டு மணிக்கே “எறங்கலாமா?” என்றாள். மத்தியானம் என் தோளில் தூங்கினாள். சாயங்காலம் பால்காரர் மணி அடித்தார். நான் எழப் போனேன்.
“மேகத்துக்கு மேல இருக்கோம் பாட்டி. கதவத் தொறக்கக் கூடாது.”
அவர் திரும்பிப் போய்விட்டார். ஆறு மணிக்குத் தரையிறங்கினோம். எனக்கு முட்டி இரண்டும் மரத்துவிட்டது. அவள் ஓடிப் போய்க் கதவைத் திறந்து, “அப்பா எங்க நிப்பாரு?” என்றாள். எனக்கென்ன தெரியும்?

மே 2, வெள்ளி
அனுப்பிவிட்டேன். பாஸ்போர்ட்டை ஒரு பையில் போட்டுக் கழுத்தில் மாட்டினார்கள். நாலு பேர் பார்க்க அழுவேனா நான்? வீட்டுக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தவள்தான், எழவில்லை. இப்போது சாப்பிடுவாள். இப்போது தூங்குவாள் — யார் தோளில்? என் கையிலும் இல்லை, அவள் அப்பா கையிலும் இல்லை. நடுவானத்தில் அது யார் வீட்டுப் பிள்ளை?
போய்ச் சேர்ந்ததும் பேசினாள். “ஒரு தடவகூட எறங்கலாமான்னு கேக்கல பாட்டி.”

மே 20, செவ்வாய்
வாலுவுக்கு அங்கே ஒரு பல் விழுந்துவிட்டது. போனில் ஓட்டையைக் காட்டிச் சிரித்தாள்.

மே 29, வியாழன்
மருமகன் பேசினான். அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமா என்று இழுத்தான். லீவுக்கு மட்டும்னுதானேடா சொன்ன? வாய்வரை வந்தது. கேட்டால் குரல் உடைந்துவிடும். பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னேன்.
“ஒனக்கு அங்க இருக்கணுமா கண்ணு?”

“இருக்கணும் பாட்டி.” பிறகு, “நீதான் இந்த வீட்டுக்கு வரமாட்டியே?”


ஜூன் 1, ஞாயிறு
வாலு திரும்பி வரவேண்டிய நாள். விமானம் வந்திருக்கும். அவள் சீட்டில் யார் உட்கார்ந்து வந்தார்களோ.

ஜூன் 6, வெள்ளி
பாஸ்போர்ட்டுக்கு என்று போட்டோ எடுத்துக்கொண்டேன். சிரிக்கக் கூடாதாம். அது ஒன்றும் எனக்குக் கஷ்டமாக இல்லை.

ஜூன் 8, ஞாயிறு
காலை ஏழு மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஒரு நாற்காலிதான். புடவைக் கிழிசலை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். மத்தியானத்துக்கு மேல் முட்டி வலி.
சாயங்காலம் பால்காரர் மணி அடித்தார். திறக்கவில்லை.