எட்டாத காது

12.7.1979, வியாழன்

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டை நானே கோர்ட்டுக்கு எடுத்துப் போனேன். நேற்றுப் பள்ளிக்கு வந்து அதைப் புரட்டிப் பார்த்த ஏட்டையா, "கொண்டு வாங்க டீச்சர், பிள்ளைக்கு நல்லது" என்றார். வருஷத்தைக் கணக்குப் பார்க்காமல் நம்பிவிட்டேன்.

செல்லூர்ப் பள்ளியில் என்னிடம் படித்தவள் பாண்டியம்மா. பழங்காநத்தத்தில் வீட்டு வேலை செய்த இடத்தில் தோடு காணாமல் போனதற்கு இவள்மேல் பழி. பதினெட்டு ஆகாதவள் என்றால் ஜெயிலுக்கு அனுப்ப மாட்டார்கள். பதிவேட்டின்படி அவளுக்குப் போன மாதமே பதினெட்டு முடிந்துவிட்டது.

"அது நெச வயசு இல்லைங்கய்யா, ரெண்டு வயசு கூட்டிப் போட்டது நான்தான்" என்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னேன்.

"கையெழுத்து உங்களதுதானே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். பெரிய பெண்களோடு ஜெயிலில் வைக்கச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்து, "வயசைப் பாத்துட்டுத்தான் கொண்டு வரச் சொன்னீங்களா?" என்று ஏட்டையாவைக் கேட்டேன்.

"கேஸு முடியணும்ல டீச்சர்" என்றார். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

வேனில் ஏறும்போது பாண்டியம்மா திரும்பி, "நீங்க சொல்லியுமா டீச்சர் நம்பல?" என்றாள்.

தறிக்குப் போக வேண்டிய அவள் அம்மாவுக்கு அப்போது பிள்ளையை விட்டுப் போக வேறு இடம் இல்லை. தலைக்கு மேல் கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டால்தான் ஒன்றாம் வகுப்பில் இடம். சேர்க்க வந்த அன்றைக்கு, மூன்று வயதில், அவள் விரல் எட்டவில்லை. தலையைச் சாய்த்துப் பிடித்து எட்டவைத்தது, இதை எழுதும் கைதான்.