மெத்தைக்கு அடியில் கிடந்த பாய்கள்

நெயாஃபு, வவாவு தீவு
ஞாயிறு, ஆராதனை முடிந்து

அன்புள்ள சியோசிஃபாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் மகள் செலுவும் நலம். தக்காளி பறித்துப் பறித்து முதுகு பிடித்துக்கொண்டது என்றீர்களே, இப்போது எப்படி இருக்கிறது? ஆஸ்திரேலியாவில் தைலம் விலை அதிகம் என்று வாங்காமல் இருக்காதீர்கள். இந்தச் செய்தியை முழுக்கப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டுக்கு ஜப்தி வந்தது. சபைக் காணிக்கை நாளில் நம் குடும்பத்துப் பெயரோடு பெரிய தொகை வாசிக்கப்பட வேண்டும் என்று வட்டிக் கம்பெனியில் கடன் வாங்கினீர்கள் அல்லவா, அந்த வழக்கில்தான். கடன் பத்திரத்தில் 'வீட்டிலுள்ள பாய்கள் அனைத்தும்' என்று ஈடு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். கோர்ட் அமீனா வாசித்த பிறகுதான் எனக்கே தெரியும். நம் தீவில் பெண்களுக்குத் தங்கம், நிலம் எல்லாமே பாய்தானே. என் அம்மா எனக்குத் தந்தவை, நானும் பாய் பின்னும் பெண்களும் மாதக்கணக்கில் உட்கார்ந்து பின்னியவை. உங்கள் கை ஓர் ஓலையைக்கூடத் தொட்டதில்லை. வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

அமீனா யார் தெரியுமா? என் பெரியம்மா மகன் பௌலியாசி அண்ணன்! டிவியையும் ஃபிரிட்ஜையும் வண்டியில் ஏற்றிவிட்டு, பாய்கள் எங்கே என்று கேட்டார். என் மெத்தைக்கு அடியில் என்றேன். மனிதர் வாசலிலேயே நின்றுவிட்டார். நம் தீவு வழக்கத்தில் தங்கை படுக்கும் அறைக்குள் அண்ணன் கால் வைக்க முடியுமா? "போயும் போயும் என்னைய அனுப்பினாங்களே! நான் எப்படிம்மா உள்ள வர்றது?" என்று வேர்வையைத் துடைத்தார். "நீங்க வராதீங்கண்ணே. அந்தக் கம்பெனிக்காரனையே வரச் சொல்லுங்க. துடைப்பத்தோட காத்திருக்கேன்" என்றேன். படுக்கையையும் துணிமணியையும் சட்டமே விட்டுவைக்கிறது, பாய் உன்னுடையது என்றால் கோர்ட்டில் மனுப் போடு என்று கூரையைப் பார்த்தபடியே சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் உங்கள் அண்ணன் வந்தார். "பாயை வித்துக் கடனை அடை. ஊருல நம்ம மானம் போகுது" என்றார். ஜப்தி என்று கேட்டதுமே போனில் நீங்களும் அதையேதான் சொன்னீர்கள். செலு தன் கல்யாணத்துக்கு ஒரு பாய்கூட இல்லாமல் வெறுங்கையோடு போனால் மட்டும் மானம் நிற்குமா? காபி கொடுத்து அனுப்பிவிட்டு, அன்றைக்கே மனுப் போட்டேன்.

விசாரணைக்குப் பின்னல் கோஷ்டி முழுவதும், கோயிலுக்குப் போவதுபோல மரியாதைக்கு இடுப்பில் பாய் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டது. கோர்ட்டில் வேறு யாருக்கும் இடமில்லை. கணவரே ஈடு எழுதித் தந்திருக்கிறார் என்று கம்பெனி வக்கீல் பத்திரத்தை ஆட்டினார். நான் எழுந்து, "என் புருஷன் அவரோட படகை எழுதட்டும், சட்டையை எழுதட்டும். என் பாயை எழுத அவர் யாருங்கய்யா? இங்க எந்த ஆம்பளை பாய் பின்னுறான், நீங்களே சொல்லுங்க" என்றேன். நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டதைப் பார்த்தேன். அவர் வீட்டிலும் மெத்தைக்கு அடியில் பாய் இருக்கும்தானே. பாய்கள் மனைவியின் சொத்து, அவற்றைத் தொடக்கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது.

டிவியும் ஃபிரிட்ஜும் போனது போனதுதான். மீதிக் கடனுக்குத் தவணை கேட்டு வாங்கியிருக்கிறேன், அது உங்கள் சம்பளத்திலிருந்து வரவேண்டும். தோன்றும்போது அனுப்புகிற பழக்கத்தை இனி விட்டுவிடுங்கள். அங்கேயே தங்கிவிட்ட ஆண்களைப் பற்றி ஊரில் பேசுகிறார்கள். நான் காது கொடுப்பதில்லை.

நேற்றுப் பாய்களை வெயிலில் காயப்போட்டேன். எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று இருந்தது. செலுவுக்கும் தராமல் வைத்திருப்பது. மண்ணுக்குள் போகும்போது உங்கள் உடம்பில் சுற்றுவதற்காக, கல்யாணமான வருஷமே நான் பின்னியது. நீங்கள் ஈடு எழுதியதில் அதுவும் சேர்த்தி. அதையும்தான் மீட்டு வைத்திருக்கிறேன். அது தேவைப்படும் நாளை ஆண்டவர் வெகுதூரம் தள்ளிப்போடட்டும். தக்காளி முடிந்ததும் அடுத்த தோட்டம் தேடாமல் விமானம் ஏறுங்கள்.

கோபம் தீராத உங்கள் மனைவி,
மெலெனைதே